பக்கிரிசாமி கட்டிய பழைய கோயில்

பக்கிரிசாமி அண்ணனுக்குச் சர்க்கரை இல்லை, ரத்தக் கொதிப்பு இல்லை, அறுபதைத் தாண்டியும் மூட்டுவலி இல்லை. அவருக்கு இருந்த ஒரே நோய் எதிர்வீட்டுச் சுகுமாரன்தான்.

சுகுமாரன் வேற்று ஆள் இல்லை, சகலை. அண்ணனின் மனைவி குணவதி அக்கா மூத்தவர். அவருடைய தங்கை ஜெகதீஸ்வரியைக் கட்டியவர் சுகுமாரன். இந்த இரண்டு பெண்களின் அப்பா துறைமுகத்தில் வேலை பார்த்தவர். ஜெலுத்தோங்கில் கடலை நோக்கிப் போகிற சந்து ஒன்றில், அலை ஏறினால் தண்ணீர் வந்து நிற்கிற நிலத்தை, யாரும் சீண்டாத காலத்தில் வாங்கிப் போட்டார். சந்துக்கு வலப்பக்கம் மூத்தவளுக்கு, இடப்பக்கம் இளையவளுக்கு என்று எழுதி வைத்துவிட்டு நிம்மதியாகக் கண்ணை மூடினார். மருமகன்களுக்கு அன்றைக்குப் போன நிம்மதி பிறகு திரும்பவே இல்லை.

நான் வலப்பக்க வீட்டின் பின்கட்டில் வாடகைக்கு இருக்கிறேன். பெயர் சாந்தினி. கடலுக்கு அக்கரையில் இருக்கிற பிறையில் ஒரு தொழிற்சாலையில் வேலை. விடியற்காலையில் கம்பெனி பஸ் ஏறிப் பாலம் கடந்து போய், பொழுது சாய வருகிறேன். பூந்தொட்டியில் இருக்கும் மண்ணைத் தவிர இந்தத் தீவில் என் பெயரில் ஒரு பிடி மண் கிடையாது. அதனால் இந்த இரண்டு பேர் மேலும் எனக்குப் பொறாமை உண்டு. அதை மறைக்க எனக்கு விருப்பமும் இல்லை. இல்லாதவள் பொறாமைப்பட்டால் அதில் ஒரு நியாயம் இருக்கிறது. நிலம் இருந்தும் எதிர்வீட்டைப் பார்த்து வயிறெரிகிறவர்களைத்தான் எனக்குப் புரிவதில்லை.

பக்கிரிசாமி அண்ணன் பிறையில் ஒரு கிடங்கில் சரக்கு தூக்கும் வண்டி ஓட்டி ஓய்வு பெற்றவர். சுகுமாரன் அதே அக்கரையில் ஜுருவில் பழைய கார் வாங்கி விற்கிறவர். அதனால் எதிர்வீட்டு வாசலில் மாதத்துக்கு ஒரு கார் மாறி நிற்கும். அது எதுவும் அவருடைய கார் இல்லை, விலை போகிற வரைக்கும்தான் நிற்கும் என்று குணவதி அக்கா எத்தனையோ தடவை சொல்லிப் பார்த்துவிட்டார். அண்ணனுக்கு ஆறவில்லை. எதிர்வீட்டுத் தானியங்கிக் கதவு 'கிர்ர்' என்று நகர்கிற சத்தம் கேட்டால் கையில் எடுத்த சோற்றுருண்டையை அப்படியே தட்டில் போட்டுவிடுவார்.

நிலத்திலும் அவருக்கு ஓரவஞ்சனை தெரிந்தது. இடப்பக்கத்துக்குக் காலை வெயில், தனக்கு மத்தியான வெயில். மழை பெய்தால் சந்தின் தண்ணீர் தன் வாசலுக்குத்தான் வடிகிறது. மாமனார் வேண்டுமென்றே மேட்டை இளையவளுக்குக் கொடுத்துவிட்டார்.

"அந்தக் கெழவனுக்கு சின்ன மாப்ளன்னா உசுரு லா," என்பார் என்னிடம். "எனக்கு பள்ளத்த குடுத்துட்டுப் போய்ட்டான்."

கோயில் விவகாரம் நடக்காமல் இருந்திருந்தால் அவர் இப்படியே பள்ளத்தில் உட்கார்ந்து மேட்டைப் பார்த்துக்கொண்டு காலத்தை ஓட்டியிருப்பார்.

ஒரு நாள் நான் வேலை முடிந்து வரும்போது அண்ணன் வீட்டு வாசலில் சிவப்புச் சாயம் அடித்த முளைகள் அடித்திருந்தார்கள். கடலோரப் பெரிய சாலையோடு சேர்க்க ஓர் இணைப்புச் சாலை வருகிறதாம். சந்து குறுகல், ஒரு பக்கத்து நிலத்தை எடுத்தாக வேண்டும். எடுப்பது வலப்பக்கம். வீடும், பின்கட்டும், மூலையில் நிற்கிற வாதாம் மரமும் எல்லாம் கோட்டுக்குள் வந்துவிட்டன.

குணவதி அக்கா அழுதார். எனக்கும் அழுகை வந்தது. இந்த வாடகைக்கு ஜெலுத்தோங்கில் வேறு எங்கே போவேன்? பக்கிரிசாமி அண்ணன் வாசலில் ஒரு பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து அந்த முளைகளையே வெறித்துக்கொண்டிருந்தார். அப்போது சுகுமாரன் கையில் ஒரு பழப்பையோடு சந்தைக் கடந்து வந்தார்.

"அண்ணே, ஒன்னும் கவலப்படாதீங்க," என்றார். "நம்ம வீடு பெருசுதானே. மேல ஒரு ரூம் சும்மாதான் கெடக்கு. அக்காவக் கூட்டிக்கிட்டு வந்து தங்கிக்குங்க."

நல்ல மனதோடுதான் சொன்னாரோ என்னவோ. ஆனால் வீடு போவதைவிட அந்த மேல் ரூம் அண்ணனை அதிகமாகச் சுட்டது. பழத்தை அவர் தொடவில்லை. நான்தான் சாப்பிட்டேன்.

ஒரு வாரம் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தவர், ஒரு காலை, மீன் காய்கறி விற்கிற பாசார் பக்கத்துக் காப்பிக்கடையிலிருந்து ஆளே மாறி வந்தார். அங்கே ஒருவரின் தங்கைக்கு சுங்கை பாக்காப் பக்கம் நிலம் போனதாம். அரசாங்கம் சந்தை விலை பார்த்துப் பணம் கொடுத்ததாம். நிலத்துக்குத் தனி, வீட்டுக்குத் தனி, மரத்துக்குத் தனி. அந்தத் தங்கை இப்போது மூலை வீடு ஒன்றில் ராணி மாதிரி இருக்கிறாளாம்.

அன்றிலிருந்து பக்கிரிசாமி அண்ணன் வீடு பார்க்கக் கிளம்பிவிட்டார். வீட்டுப் படங்கள் போட்ட விளம்பரத் தாள்களை எடுத்து வந்து உள்ளே வைத்துப் பார்க்க மாட்டார், வாசலில் நின்று, எதிர்வீட்டுக்குக் கேட்கிற மாதிரி, "குணவதி, இந்த வீட்டுல நாலு ரூம் லா. ரெண்டு காடி நிக்கும்," என்று கத்துவார். அவரிடம் ஒரு கார்கூட இல்லை, இருந்தது ஒரு மோட்டார் சைக்கிள்.

எதிர்வீட்டில் வேடிக்கை ஆரம்பித்தது. சுகுமாரனின் கதவுச் சத்தம் குறைந்தது. சந்தில் யாரைப் பார்த்தாலும், "ஏன் அவங்க பக்கத்த மட்டும் எடுக்கறாங்க? ரெண்டும் ஒரே மாமனார் நெலம்தானே?" என்று கேட்க ஆரம்பித்தார். ஒரு நாள் வியாபாரத்தை விட்டுவிட்டு நில அலுவலகத்துக்கே போய்க் கேட்டுவிட்டு வந்தார். வீடு போகிறவன் சிரிக்கிறான், வீடு தப்பியவன் முகம் வாடிக் கிடக்கிறான். எனக்குப் பார்க்கப் பார்க்க ஆத்திரமாக வந்தது. அரசாங்கம் காகிதத்தில் ஒரு கோடு போடுகிறது. கோட்டுக்குள் சிக்கிய நிலத்துக்கு ஒரு விலை, கோட்டை ஒட்டி நிற்கிற நிலத்துக்கு ஒரு விலை, கோடு எட்டிப் பார்க்காத நிலத்துக்குப் பழைய விலை. மண் என்னவோ ஒரே மண்தான். அந்தக் கோடு போட்டவர் கண்ணில் என் பூந்தொட்டி மட்டும் படவே இல்லை.

பொறாமைப்பட்டே பழகியவருக்கு, தன்னைப் பார்த்து ஒருவன் பொறாமைப்படுகிற ருசி கிடைத்துவிட்டது. அது போதாது, இன்னும் வேண்டும் என்று தோன்றியது. சுகுமாரனின் முகத்தை இன்னும் கொஞ்சம் சுருங்க வைக்க வேண்டும். காப்பிக்கடையில் அதற்கும் வழி கிடைத்தது. நிலத்தில் கோயில் இருந்தால் அரசாங்கம் அதற்குத் தனியாகப் பணம் கொடுக்கும், மாற்று இடமும் கொடுக்கும் என்று யாரோ சொன்னார்கள். சொன்னவருக்கு நிலமும் கிடையாது, கோயிலும் கிடையாது. அதையெல்லாம் அண்ணன் யோசிக்கவில்லை.

மூலையில் இருந்த வாதாம் மரத்தடிக்கு ஒரு முனியாண்டி வந்து சேர்ந்தார். கல் எங்கிருந்து வந்தது என்று எனக்குத் தெரியாது. சூலம் லிட்டில் இந்தியா கடைத்தெருவில் வாங்கியது. விலைச்சீட்டை நான்தான் பிய்த்துக் கொடுத்தேன். அண்ணனே சிமெண்ட் குழைத்துப் பீடம் கட்டினார். ஆனால் புதுக் கோயிலுக்கு யார் பணம் கொடுப்பார்கள்? பழசாகத் தெரிய வேண்டும். அதற்காகச் சாயங்காலம் தவறாமல் பீடத்தின் மேல் புளித்த மோரை ஊற்றினார். மோர் ஊற்றினால் சிமெண்டில் சீக்கிரம் பாசி பிடிக்கும் என்று யார் சொல்லிக் கொடுத்தார்களோ, உண்மையிலேயே பிடித்தது. கற்பூரம் கொளுத்திக் கொளுத்தி மேலே கரி ஏற்றினார். சூலத்தை உப்புத் தண்ணீரில் ஊறப்போட்டுத் துரு ஏற்றினார். சாமிக்குப் பாலாபிஷேகம் பார்த்திருக்கிறேன். மோராபிஷேகம் அப்போதுதான் பார்த்தேன்.

"சாமியோட வெளயாடாதீங்க," என்று குணவதி அக்கா கன்னத்தில் போட்டுக்கொண்டார். "முனியாண்டி பொல்லாத சாமி."

"என்ன வெளயாட்டு? அவருக்கு வேளா வேளைக்கு சுருட்டு வைக்கிறேன், தேங்கா ஒடைக்கிறேன். அவருக்கும் நல்லது, நமக்கும் நல்லது," என்றார் அண்ணன்.

கோயில் என்றால் கும்பிட ஆள் வேண்டும். வெள்ளிக்கிழமை சர்க்கரைப் பொங்கல் கொடுத்தார். பிறைக்குச் சரக்கு ஏற்றிப் போகிற பழைய கூட்டாளிகளைக் கூப்பிட்டு, லாரிச் சக்கரத்துக்கு எலுமிச்சம்பழம் வைத்து ஏற்றிவிட்டார். ஒரு லாரிக்காரர் பெரிய விபத்தில் கீறல் இல்லாமல் தப்பினார். அவர் சேவல் கொண்டு வந்தார். ஒரு பெண்ணின் மகனுக்கு வேலை கிடைத்தது. அந்தப் பெண் மணி வாங்கித் தந்தாள். மோர் ஊற்றியது மறந்து, மெய்யாகவே சனம் வர ஆரம்பித்துவிட்டது. கேட்கிறவர்களிடமெல்லாம், "எங்க மாமனார் நெலம் வாங்கறதுக்கு முன்னாடியே இருந்த சாமி," என்று அண்ணன் சொன்னார். சொல்லச் சொல்ல அவர் குரலிலும் பாசி பிடித்தது.

பிறகு பொது மண்டபத்தில் சாலையைப் பற்றி மக்கள் சந்திப்பு நடந்தது. வந்த அதிகாரி அமீரா என்கிற மலாய்ப் பெண், தன்மையாகப் பேசினார். வலப்பக்க மூலையில் ஒரு கோயில் இருப்பதாகச் சொல்கிறார்களே, அது பழைய கோயில்தானா என்று கேட்டார்.

பக்கிரிசாமி அண்ணன் சட்டைப் பொத்தானைச் சரிசெய்துகொண்டு எழுந்தார். அது இந்தச் சந்துக்கே காவல் தெய்வம் என்றார். தன் மாமனார் காலத்துக்கும் முந்தியது என்றார். பேசிக்கொண்டே சுகுமாரன் பக்கம் ஒரு பார்வை பார்த்தார். முனியாண்டி எப்போது வந்தார் என்று அறிந்தவர்களில் முதல் ஆள் எதிர்வீட்டுக்காரன். இப்போது எழுந்து, பொய் என்று ஒரு வார்த்தை சொன்னால் முடிந்தது.

சுகுமாரன் எழுந்தார்.

"அண்ணன் சொல்றது நூத்துக்கு நூறு உண்மை," என்றார். "நான் பொண்ணு பாக்க வந்த அன்னிக்கே, அந்த சாமியக் கும்பிட்டுட்டுத்தான் வீட்டுக்குள்ளயே வந்தேன். ஜுரு, சுங்கை பாக்காப்லேருந்துலாம் சனங்க வருவாங்க."

பக்கத்தில் இருந்த ஜெகதீஸ்வரியும், "எங்க அப்பா கும்பிட்ட சாமி," என்றார். குணவதி அக்கா தலையைக் குனிந்துகொண்டார். பழைய வழிபாட்டு இடத்தைக் கவனமாகத்தான் பார்ப்போம் என்று அதிகாரி அமீரா சொல்லிவிட்டுப் போனார்.

அன்று பக்கிரிசாமி அண்ணன் கண் கலங்கியதைப் பார்த்தேன். இத்தனை வருடம் எதிரியாக நினைத்தவன் சபையில் தன் மானத்தைக் காப்பாற்றினானே என்று நெகிழ்ந்துவிட்டார். கோயில் என்றால் கமிட்டி வேண்டும், கமிட்டி இருந்தால்தான் அரசாங்கம் மதிக்கும் என்று அதற்கும் ஏற்பாடு செய்துகொண்டிருந்தார். நம் ஆட்கள் கமிட்டிக்குத் தலைவர் பதவி என்றால் அடித்துக்கொள்வார்கள். இவர் அதைத் தட்டில் வைத்து, தேங்காய் பழத்தோடு, எதிர்வீட்டுக்கு எடுத்துப் போனார்.

"தம்பி, நீதான் தலைவரா இருக்கணும்," என்றார்.

"வேணாம் அண்ணே, நீங்க இருக்கும்போது நான் எதுக்கு," என்று சுகுமாரன் இரண்டு தடவை மறுத்துவிட்டு மூன்றாம் தடவை ஏற்றுக்கொண்டார். கோயிலைப் பற்றி எது செய்வதானாலும் கமிட்டி கூடித்தான் செய்ய வேண்டும் என்று எழுதிப் பதிவும் செய்தார்கள்.

சில மாதம் கழித்து ஒரு காலை அண்ணன் பல் துலக்கிக்கொண்டு வாசலுக்கு வந்தவர், பிரஷ்ஷை வாயில் வைத்தபடியே நின்றுவிட்டார். அவர் வாசலில் இருந்த சிவப்பு முளைகளைக் காணவில்லை. அவை எதிர்வீட்டு வாசலில் இருந்தன. பழைய கோயிலைத் தொட வேண்டாம் என்று கோட்டை இடப்பக்கம் தள்ளிவிட்டார்கள்.

எதிரே தானியங்கிக் கதவு 'கிர்ர்' என்று திறந்தது. சுகுமாரன் குளித்து, திருநீறு பூசி, முனியாண்டி இருந்த திசையைப் பார்த்துக் கும்பிட்டார்.

"எல்லாம் நம்ம சாமி செயல் அண்ணே," என்றார்.

அவர் அன்றைக்கு நில அலுவலகத்துக்குப் போனபோதே, கோயில் குறுக்கே இருந்தால் முடிந்தவரை சாலையை ஒதுக்கித்தான் போடுவார்கள் என்று கேட்டுத் தெரிந்துகொண்டு வந்திருக்கிறார். அண்ணன் மோர் ஊற்றும்போதெல்லாம் எதிர் ஜன்னலில் நின்று மனதுக்குள் வாழ்த்தியிருக்கிறார். வேலியில் போன ஓணானை எடுத்து வேட்டிக்குள் விட்டுக்கொண்டது அண்ணன். அதற்குக் கை கொடுத்தவர் சகலை.

சுகுமாரனுக்குப் பணம் வந்தது. அண்ணன் விளம்பரத் தாளில் காட்டிக் காட்டிக் கத்திய அதே மாதிரி ஒரு மூலை வீட்டை ஜுருவில் வாங்கினார். புதுமனை புகுவிழாவுக்கு நானும் போயிருந்தேன். பளிங்குத் தரை, வெளியே புல்வெளி, இரண்டு கார் நிற்க இடம். அண்ணன் அறை அறையாகப் போய்ச் சுவரைத் தட்டிப் பார்த்தார்.

"சொவரு மெல்லிசு லா," என்றார் என் காதில். அவர் முகம் வெந்து கிடந்தது. எனக்கும் அந்தச் சமையலறை மேல் கண், அதனால் அவருக்கு ஆறுதல் சொல்லாமல் அதன் அலமாரிகளை ஒவ்வொன்றாகத் திறந்து பார்த்தேன்.

எதிர்வீடு இடிந்தது. காலை வெயில் வாங்கிய அந்த மேட்டு நிலத்தின் மேல் தார் ஊற்றினார்கள். சாலை திறந்ததும் இரைச்சல் வந்தது, தூசி வந்தது, முனியாண்டியைத் தேடி வருகிற லாரிகள் வந்தன. அண்ணன் விடியற்காலையில் எழுந்து, லாரிகளுக்குத் தேங்காய் உடைத்து, எலுமிச்சம்பழம் வைத்து, சாயங்காலம் வாசலைக் கூட்டினார். கூலி இல்லாத பூசாரி. வெள்ளிக்கிழமைகளில் சுகுமாரன் ஜுருவிலிருந்து ஒரு புதுக் காரில் வந்து, தலைவர் என்கிற முறையில் முதல் பொங்கல் வாங்கிக்கொண்டு போவார். அண்ணனின் பொறாமை இப்போது பாலம் தாண்டிப் போய்வர வேண்டியிருந்தது. அலைச்சலில் மெலிந்துபோனார்.

இதோடு முடிந்திருந்தால் நான் அவரைப் பார்த்துப் பரிதாபப்பட்டிருப்பேன். ஆனால் நிலம் வைத்திருப்பவர்களுக்கு அதிர்ஷ்டம் ஒரு கதவை மூடினால் பக்கத்துக் கதவைத் திறந்துவிடுகிறது. வாடகைக்காரிக்குத்தான் ஒரே கதவு.

ஒரு நாள் கழுத்தில் அட்டை மாட்டிய இரண்டு பேர் வந்தார்கள். காரை விட்டு இறங்காமலே காப்பி வாங்கிப் போகிற கடை கட்டும் கம்பெனி. முன்பு சந்துக்குள் ஒளிந்து கிடந்த வலப்பக்கம் இப்போது பெரிய சாலையின் முகப்பு. அந்த முகப்புக்காக அவர்கள் சொன்ன விலை, அரசாங்கம் சுகுமாரனுக்குக் கொடுத்ததைப் போல பல மடங்கு. ஒரே ஒரு நிபந்தனை. இடம் காலியாக இருக்க வேண்டும். மூலையில் இருக்கும் கோயில் வேறு எங்காவது போய்விட வேண்டும். கோயில் ஆட்களோடு அவர்களுக்கு எந்தத் தகராறும் வேண்டாம்.

பக்கிரிசாமி அண்ணன் என் அறை வாசலுக்கே வந்து சிரித்தார். அவர் அப்படிச் சிரித்து நான் பார்த்ததில்லை.

"சாந்தினி, பள்ளத்த குடுத்தான்னு கெழவன ஏசுனேன். இப்ப மேடு எங்க இருக்கு பாத்தியா? தாரு ரோட்டுக்கு அடியில!"

"நான் எங்கண்ணே போறது?" என்று கேட்டேன்.

"ஒனக்கு ஒரு வழி பண்றேன் லா," என்றார். என்ன வழி என்று அவருக்கும் தெரியவில்லை, எனக்கும் தெரியவில்லை.

செய்தி ஜுருவுக்குப் போனது. அந்த வெள்ளிக்கிழமை சுகுமாரன் வந்து பொங்கல் வாங்காமல், சாலை ஓரத்தில் வெகுநேரம் நின்றார். கோடு இந்தப் பக்கமே இருந்திருந்தால் அண்ணன் பணத்தை வாங்கிக்கொண்டு போயிருப்பார்; முகப்பு சுகுமாரனுடையதாக இருந்திருக்கும். சபையில் எழுந்து பேசி, அவரே தன் தலையில் தார் ஊற்றிக்கொண்டார். இப்போது அவருடைய பழைய நிலத்தின் மேல் ஓடுகிற ஒவ்வொரு காரும் சகலையின் நிலத்துக்கு விலையை ஏற்றிவிட்டுப் போகிறது. நான் சுகுமாரனின் முகத்தைப் பார்த்தேன். அது அப்படியே பக்கிரிசாமி அண்ணனின் பழைய முகம்.

கோயிலை இடம் மாற்றக் கமிட்டி கூடியது. கோயிலுக்குப் போட்டிருந்த தகரக் கூரையின் கீழ் வெள்ளிக்கிழமைப் பொங்கலுக்கு வருகிறவர்களும் லாரிக்காரர்களும் நிறைந்திருந்தார்கள். தலைவர் நாற்காலியில் சுகுமாரன், பக்கத்தில் ஜெகதீஸ்வரி. நான் பின்னால் பெண்களோடு நின்றேன். சுங்கை பாக்காப் பக்கம் தானே இடம் வாங்கி, இதைவிடப் பெரிய கோயிலாகக் கட்டித் தருவதாக அண்ணன் சொன்னார்.

"ரொம்ப பழைய கோயில் அண்ணே," என்றார் சுகுமாரன். "கவர்மெண்டே தொடாத கோயில். நம்ம எப்படித் தொடறது?"

சனம் தலையாட்டியது. அண்ணன் கெஞ்சினார். விலை பேசினார். கடைசியில், வேறு வழியில்லாமல், உண்மையைச் சொன்னார்.

"இது பழைய கோயில் இல்ல. கேளுங்க, நான்தான் கட்டுனேன். இந்தக் கையாலதான் சிமெண்ட் கொழச்சேன். மோரு ஊத்தி பாசி வளத்தேன். சூலத்த உப்புத் தண்ணில போட்டேன். எல்லாம் காசுக்குத்தான். கோயிலே பொய்!"

விபத்தில் தப்பிய லாரிக்காரர் கூட்டத்தை விலக்கிக்கொண்டு முன்னால் வந்தார்.

"காப்பிக்கடைக்காரன் காசு குடுக்கறான்னு, என் உசுரக் காப்பாத்துன சாமியப் பொய்யினு சொல்றீங்களே. நீங்கலாம் மனுசனா?"

"அவர் சொல்றது நெசம்ங்க," என்றார் குணவதி அக்கா அழுதுகொண்டே.

"புருசனுக்குப் பேசுறாங்க," என்று யாரோ சொன்னார்கள்.

அண்ணன் மைத்துனியிடம் திரும்பினார். "ஜெகா, நீ சொல்லும்மா. உங்கப்பா காலத்துல இங்க சாமி இருந்துச்சா?"

ஜெகதீஸ்வரி தன் அக்காவைப் பார்த்தார். புருஷனைப் பார்த்தார். பிறகு தரையைப் பார்த்துக்கொண்டு, "அப்பா கும்பிட்ட சாமிதான் மாமா," என்றார்.

சிமெண்ட் மூட்டை வந்த நாளும் எனக்குத் தெரியும், விலைச்சீட்டைப் பிய்த்ததும் நான்தான். என்னை யாரும் கேட்கவில்லை. நிலத்து விவகாரத்தில் வாடகைக்காரியை யார் கேட்பார்கள்? கோயில் நிற்கிற வரைக்கும் என் பின்கட்டும் நிற்கும் என்பதால் நானாகவும் வாயைத் திறக்கவில்லை.

சுகுமாரன் நாற்காலியை விட்டு எழுந்து வந்தார். அண்ணனின் தோளில் கை வைத்தார். குரலில் அவ்வளவு பரிவு.

"அண்ணே," என்றார், "வேற எதுல வேணும்னாலும் பொய் சொல்லுங்க. சாமி விசயத்துல பொய் சொல்லாதீங்க லா."

கூட்டம் கலைந்தது. கம்பெனிக்காரர்கள் கொஞ்சம் தள்ளி வேறு இடம் பார்த்துக்கொண்டார்கள். கூட்டம் முடிந்து அன்று போகும்போது சுகுமாரன் காரைக் கோயில் முன்னால் நிறுத்தி, "புது காடி அண்ணே, ஒரு எலுமிச்சம்பழம் வச்சி விடுங்க," என்றார். சனம் பார்த்துக்கொண்டிருந்தது. பக்கிரிசாமி அண்ணன் குனிந்து நாலு சக்கரத்துக்கும் பழம் வைத்தார். கார் அவற்றை நசுக்கிக்கொண்டு, முன்பு சுகுமாரனின் வரவேற்பறை இருந்த இடத்தின் மேல் ஏறிப் பாலத்துப் பக்கம் போனது.

நான் தண்ணீர் கொண்டுபோய்க் கொடுத்தேன். அண்ணன் குடிக்கவில்லை. வாதாம் மரத்தடியில் உட்கார்ந்து, பாசி பிடித்த பீடத்தின் மேல் சுருட்டோடும் மாலையோடும் இருந்த கல்லையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"இவனப் பாரு சாந்தினி," என்றார். "நெல வரி கெடையாது. வாடகை கெடையாது. ரோட்டு முகப்புல எடம். கவர்மெண்டு வந்தாலும் அசைக்க முடியாது, கம்பெனிக்காரன் வந்தாலும் அசைக்க முடியாது. இந்தச் சந்துலயே குடுத்து வச்சவன் இவன் ஒருத்தன்தான்."

நானும் அந்தக் கல்லைப் பார்த்தேன். அண்ணன் சொன்னது சரிதான். எனக்கும் வயிறு எரிந்தது.